கரும்பாறையின் வீம்பு

நிலாவில் கரும்பாறை அண்ணனும் வெண்பாறைத் தம்பியும் ஒட்டிக்கொண்டே கிடந்தன; பேச்சு நின்று பல கோடி வருஷம்.

“மூத்தவன் நானா முதல்ல வாயத் திறப்பேன்? அவன் திறக்கட்டும்!” என்று உறுமும் கரும்பாறை.

ஒருநாள் வானத்திலிருந்து ஒரு விண்கல் அலறிக்கொண்டு வந்தது. “ஐயய்யோ, தள்ளுங்க தள்ளுங்க! எனக்கு நிக்கத் தெரியாது!”

“அண்ணே, பயமா இருக்குண்ணே,” என்றது வெண்பாறை.

‘அப்படி வா வழிக்கு!’ என்று கரும்பாறை ஒரு கணம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது. அந்த ஒரு கணம்தான். மோதிய வேகமெல்லாம் சூடாகி, மூன்றும் பாகாய் உருகிக் கலந்து, ஒரே கறுப்புக் கண்ணாடியாய் உறைந்தன.

“தம்பி, நான் இருக்கேன்டா,” என்றது கரும்பாறை.

தம்பி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.