காலி வாளி

"இந்த வாரமும் காலி! என்னம்மா, விளையாடுறீங்களா?"

எங்க குடியிருப்புச் சங்கத் தலைவர், தையல்காரம்மாவோட பச்சை வாளியைத் தலைகீழா கவிழ்த்துக் காட்டினார். ஒரு மிளகாய்க் காம்புகூட விழல.

தலைவருக்குப் போன வருஷம் திடீர்னு உர ஞானோதயம் வந்துச்சு. அன்னைக்கோட எங்க இருபது வீட்டுக்கும் நிம்மதி போச்சு. வீட்டுக்கு ஒரு பச்சை வாளி. காய்த் தோல், பழத் தோல் எல்லாம் அதுலதான் சேர்க்கணும். ஞாயித்துக்கிழமை காலையில தராசோட மாடிப்படி பக்கத்துல உட்கார்ந்துடுவார். அதிகமாத் தோல் கொடுத்த வீட்டுக்கு எல்லாரும் கைதட்டணும்.

தலைவர் வீட்டு வாளி மட்டும் தராசுக்கு வராது. "எங்களுது நேரா உரக்குழிக்கே போயிடும்"னு சொல்லிடுவார். எதிர்த்துக் கேட்க யாருக்குத் தைரியம்?

"தோலையெல்லாம் எங்கேம்மா கொட்டுறீங்க? ரோட்டுலயா?"

"கொட்டல சார். எங்க வீட்ல மிஞ்சாது. உருளைக்கிழங்குத் தோலை வறுத்துத் தின்னுடுவோம். தர்பூசணி வெள்ளையை வதக்கிடுவேன். எலுமிச்சை மூடி பாத்திரம் தேய்க்க, ஆரஞ்சுத் தோல் துணி அலமாரிக்கு..."

"யார் காதுல பூ சுத்துறீங்க? தோலைத் தின்னுறாங்களாம், தோலை!"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

அன்னைக்கு முதல் பரிசு மூணாவது மாடி டாக்டர் வீட்டுக்கு. நாலு கிலோ. அதுல பாதி, ஃபிரிட்ஜுல மறந்துபோய் அழுகின முழுத் தக்காளி.

"பார்த்துக் கத்துக்கோங்கம்மா! எவ்வளவு பொறுப்பு!" தலைவர் டாக்டர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அப்புறம் தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "இத்தனை வாரம் பொறுத்தாச்சு. அடுத்த வாரமும் காலின்னா, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற உங்க தையல் மெஷினை எடுத்துடணும். ஒத்துழைக்காதவங்களுக்குப் பொது இடம் கிடையாது."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"ஒரே ரூம் சார். மெஷினை உள்ளே போட்டா பிள்ளைங்க எங்கே படுக்கும்? அதுலதான் சார் எங்க பொழப்பே ஓடுது."

"அப்போ தோலைக் கொண்டாங்க. ரூல்னா ரூல்."

அடுத்த ஞாயிறு தையல்காரம்மா வாளியை ரெண்டு கையாலயும் தூக்க முடியாம தூக்கிட்டு வந்தாங்க. தராசுல வெச்சா, ஆறு கிலோ!

தலைவருக்குத் தலைகால் புரியல. "பார்த்தீங்களா! அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவ மாட்டாங்கன்னு சும்மாவா சொன்னாங்க? போன வாரம் தோலைத் தின்ன குடும்பம், இந்த வாரம் முதல் பரிசு! ம், தட்டுங்க எல்லாரும்!"

தட்டினோம்.

"இருங்க, எல்லாரும் கண்ணால பாருங்க." பேப்பரை விரிச்சு, வாளியை அவரே கவிழ்த்தார்.

மாதுளைத் தோல், அன்னாசித் தோல், பாதி கடிச்ச ஆப்பிள்... எல்லாத்துக்கும் கடைசியா 'டிங்'குனு சிவப்புப் பிடி போட்ட ஒரு சின்னக் கத்தி.

தலைவரோட சம்சாரம் முன்னால ஓடி வந்தாங்க. "அய்யய்யோ, நம்ம கத்திங்க இது! வியாழக்கிழமையிலேர்ந்து தேடாத இடமில்ல. இது எப்படி இங்கே?"

தலைவர் அவசரமா பேப்பரை மடிக்கப் பார்த்தார்.

தையல்காரம்மா கத்தியை எடுத்து, துணியால துடைச்சு, பிடிப் பக்கமா நீட்டினாங்க.

"உங்களுதாக்கா? சார் தினம் விடியக்காலையில பின் கேட்டுக்கு வெளியே ஒரு கறுப்புக் கவரைப் போட்டுட்டு வருவாரே, அதுல தோலோட தோலாக் கிடந்துச்சு. எனக்கும் மெஷினைக் காப்பாத்த வேற வழி தெரியல."

அப்புறம் தலைவரைப் பார்த்து, ரொம்பப் பணிவா சொன்னாங்க.

"அதனால, அந்தக் கைதட்டு உங்களுக்குத்தான் சார் சேரணும்."