ஞாயிற்றுக்கிழமை விரிப்பு

"வெட்கங்கெட்டவ! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா துணி காயப்போட்டிருக்கா பாரு!" என்றாள் வில்மா, காபியை ஊற்றிக்கொண்டே.

எதிர்வீட்டு முன்தோட்டத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிற வழக்கமில்லை. எல்லார் வீட்டுச் சங்கதியும் எல்லாருக்கும் அத்துப்படி. அதிலும் வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளான ஞாயிறன்று துணி உலர்த்துவதென்றால், பாதிரியாரே வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார்.

அன்று வில்மா வீட்டில் புகை எதிர்ப்புக் குழுக் கூட்டம். ஞாயிறன்று கூட்டம் போட்டால் பாவம். அதனால், சர்ச் முடிந்து காபி குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டோம்.

மணல்மேட்டுக்கு அந்தப்பக்கம் எஃகு ஆலை. கரி உலையைத் திறந்தால் போதும், ஜன்னல் விளிம்பு, சைக்கிள் சீட்டு, குழந்தைகளின் மூக்கு, எல்லாம் கறுப்பு.

"விஷயம் தெரியாதா உங்களுக்கு?" என்றார் குழுவிலிருந்த கோர். "எதிர்வீட்டு ரின்ஸ்கா புருஷன் ஹெர்மனுக்கு அந்த உலையிலதான் வேலை. திறக்கறதுக்கு முன்னாடியே பொண்டாட்டிக்குப் போன் போட்டுடறான். இவ ஓடிவந்து விரிப்பை எடுத்துடறா. அப்புறம்தான் நம்ம தலையில கரி கொட்டுது. நானே பார்த்திருக்கேன்."

"நமக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? தன் துணி வெளுப்பா இருந்தாப் போதும். ஊர் எக்கேடு கெட்டா அவளுக்கென்ன!"

"முன்னெல்லாம் கொல்லையில காயப்போடுவா. இப்ப நம்ம கண்ணு முன்னாலேயே. கொழுப்பு!" என்றாள் இன்னொருத்தி.

"கொழுப்பை இன்னிக்கு அடக்கிடறேன்" என்றாள் வில்மா. "பத்திரிகைக்காரர் வந்துக்கிட்டிருக்கார். நகரத்துக்காரர், அவருக்கு ஞாயிறாவது திங்களாவது! எப்ப கரி கொட்டும்னு தங்களுக்கே தெரியாதுன்னு ஆலைக்காரன் சாதிக்கறான் இல்லே? தெரியும்கறதுக்கு இவதான் சாட்சி. பேரோட போடச் சொல்லப்போறேன்."

"வேண்டாம், வில்மாக்கா."

அதுவரை வாயே திறக்காத மார்லீஸ்தான். வில்மாவுக்குப் பக்கத்து வீடு.

"ஏண்டி? உன் புள்ளை யெல்லாதானே மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தான்? உனக்குத்தான் முதல்ல வயிறு எரியணும்!"

"பேர் வெளியே வந்தா ஹெர்மனுக்கு வேலை போயிடும். உள்ளே நடக்கறதை வெளியே சொன்னா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"போகட்டுமே!"

சொல்லி வாய் மூடவில்லை, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ரின்ஸ்கா ஓடிவந்து விரிப்பைச் சரசரவென்று இழுத்துச் சுருட்டினாள்.

"பாருங்க, பாருங்க! எடுத்துட்டா!" கோர் கைப்பேசியில் படம் பிடித்தார்.

மார்லீஸோ கொல்லைப்பக்கம் ஓடினாள். "யெல்லா! பந்தைப் போட்டுட்டு உள்ளே வாடா! ஓடி வா!"

பையனை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொரு ஜன்னலாக அடைத்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"விரிப்பை எடுத்துட்டா இல்லே? இன்னும் அரை மணியில கரி வந்துடும்."

"ஓஹோ! அவ துணியைக் காப்பாத்த ஓடறா. அதைப் பார்த்து நீ புள்ளையைக் காப்பாத்திக்கறே. இதுல அவளுக்கு என்ன பெருமை?"

மார்லீஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, இத்தனை பேர் பார்த்தீங்களே, அந்த விரிப்பைச் சரியாப் பார்த்தீங்களா? நடுவுல குறுக்கும் நெடுக்கும் இஸ்திரி மடிப்பு. துவைச்ச துணியில ஏது மடிப்பு? அது நனையவே இல்லை. பீரோவிலேர்ந்து எடுத்து அப்படியே தொங்கவிடறா. தினமும் அதே விரிப்புதான்."

கோர் கைப்பேசிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யெல்லாவை ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப அவ வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. மறுநாளே கொடியை முன்பக்கம் மாத்திட்டா, என் சமையலறை ஜன்னலுக்கு நேரா. போன்ல சொன்னா எனக்கும் தெரியும், நாலு பேருக்கும் தெரியும், ஹெர்மன் மாட்டிக்குவான். துணி எடுத்தா யார் கேட்கப்போறா? நாங்க ரெண்டு பேரும் இதைப் பத்தி இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை அக்கா. உலைக்கு ஏது ஞாயித்துக்கிழமை? அதான் இன்னிக்கும் தொங்கவிட்டா, உங்க வாயில விழுந்து எழுந்துக்கிட்டு."

டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் என்பது வில்மா வீட்டுச் சட்டம். யெல்லா இரண்டாவதை எடுத்தான். வில்மா அதட்டவில்லை. கோர் சத்தமில்லாமல் அந்தப் படத்தை அழித்தார்.

வாசல் மணி அடித்தது. பத்திரிகைக்காரர்.

"சாட்சி இருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"இருக்கு. ஒரு நிமிஷம்."

வில்மா மாடிக்குப் போனாள். ஞாயிறென்றால் பித்தான்கூடத் தைக்கமாட்டாள், சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய கல்யாணத்துக்கு வந்த வெள்ளை விரிப்பு. தெருவே பார்க்க வாசலில் இறங்கி, உதறி, வேலிமேல் விரித்து, நாலு மூலையிலும் கிளிப் போட்டாள்.

வந்தவருக்குத் திகைப்பு. "என்னம்மா, உங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை துணி காயப்போடமாட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?"

"இப்பதான் துவைச்சேன், தம்பி" என்றாள் வில்மா. "உள்ளே வந்து காபி குடிங்க. அரை மணி கழிச்சு நீங்களே வந்து எடுத்துப் பாருங்க."