நேத்துப் பாக்கி

மருது மல்லிகைத் தோட்டத்தை விட்டுக் கரையேறும்போது நாகமலைக்கு மேலே சூரியன் ஒரு ஆள் உசரம் வந்திருந்தது.

தோளில் துண்டு மூட்டை. உள்ளே இரண்டு படி மலர்ந்த பூ.

கொரோனாவுக்காக மதுரையில் பூ மார்க்கெட்டைப் பூட்டிவிட்டார்கள். சென்ட் தயாரிக்கிற கம்பெனி வண்டி மட்டும் வந்து மொட்டை எடைபோட்டு ஏற்றிப்போகும். பறிக்காமல் விட்டதெல்லாம் ராத்திரியே விரிந்து, தோட்டம் பால் கொட்டின மாதிரி கிடந்தது. மலர்ந்தது எடைக்கு ஆகாது, வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போங்கள் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார்.

கூடப் பறிக்கிற முத்திருளன்தான் காலையிலிருந்து ஒரே கேலி. "மாப்ள, பூவுக்குச் சளி பிடிச்சிரும்னா மூஞ்சிய மூடிக்கிட்டுப் பறிக்கிற?"

மருது சிரித்ததோடு சரி. வீட்டில் பச்சைப்பிள்ளை. கேலிக்குக் கூச்சப்பட்டால் ஆகுமா?

வாய்க்கால் கரையில் நடந்தான். கால் தரையில் பாவவில்லை. தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி இருந்தது. தண்ணீரில் வானம் கிடந்தது. கொக்கு ஒன்று அதன்மேல் நின்றது.

கோழிப்பண்ணை வந்தது. எப்போதும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் போக வேண்டும்.

இன்றைக்கு நாற்றமே இல்லை.

கோழிகள் எல்லாம் இருக்கத்தான் செய்தன. கம்பிக்குள் நின்று கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்த்தன. வண்டி வாகனம் நின்றுபோனதில் உலகத்தையே யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். மனசுக்கு நிறைவாக இருந்தது.

பாப்பா பிறந்ததிலிருந்து அவன் வீட்டுக்குள் படுத்ததில்லை. முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டில். சோறும் அங்கேதான். பெண்டாட்டி அஸ்வினியின் அம்மாவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். பஸ் ஓடாததால் பிள்ளைப்பேறு பார்க்கக்கூட வர முடியவில்லை. தாய் படுத்தாலும் பிள்ளை படுத்தாலும் ஏனென்று கேட்க ஆள் இல்லை.

குளித்து, துணி மாற்றி, புது மாஸ்க் கட்டி, வாசற்படியில் நின்றுதான் பிள்ளையை வாங்குவான். ஒரே ஒரு தப்பு மட்டும் செய்வான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, உச்சந்தலையில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு.

பாலும் நல்லெண்ணெயும் சாம்பிராணியும் கலந்த வாசம். மறுநாள் பொழுதுவரை தாங்கும்.

நேற்று அது கிடைக்கவில்லை. அவன் குளித்து வருவதற்குள் பாப்பா தூங்கிப்போனது. படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பொல்லாத தூக்கம் என்று முனகிக்கொண்டே கட்டிலுக்குத் திரும்பினான். அஸ்வினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

அப்படியானால் இன்றைக்கு இரண்டு இழுப்பு.

வீட்டுக்கு வந்ததும் துண்டு மூட்டையை முருங்கைக் கிளையில் தொங்கவிட்டான். மாஸ்க்கையும் சட்டையையும் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கினான். ஓலைத் தட்டிக்குப் பின்னால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மேலுக்கு ஊற்ற ஊற்றச் சிலிர்த்தது. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

புது மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படிக்கு வந்தான்.

உள்ளே வெயில் ஒரு கீற்றாக விழுந்திருந்தது. அதற்குள் சாம்பிராணிப் புகை நீலமாகச் சுருண்டு சுருண்டு போனது. புகைக்கு நடுவே அஸ்வினி. அவள் கையில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய பாப்பா.

"என்ன மாமா, தோட்டத்தையே பேத்துக்கிட்டு வந்துட்டீகளா? அடுப்படி வரைக்கும் மணக்குது!" பிள்ளையை நீட்டினாள். "இந்தாங்க, நேத்துப் பாக்கியும் சேத்து மோந்துக்கங்க."

மருது மாஸ்க்கை இறக்கினான். இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தான்.

ஒரு சாண் தூரம் இருந்தது.

மணக்கிறதா?

அப்படியே நின்றான். திரும்பி முருங்கைக் கிளையைப் பார்த்தான். சாம்பிராணிப் புகையைப் பார்த்தான். அது அவன் முகத்தை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது, படத்தில் வரைந்த புகை மாதிரி.

கம்பிக்குள் நின்ற கோழிகள் அத்தனையும் கண்முன்னால் வந்து நின்றன.

தெற்குத் தெரு சிவபாண்டிக்கும் இப்படித்தான். கருவாட்டுக் குழம்பு மணக்கவே இல்லை என்று சொல்லிச் சிரித்தவனை, மறுநாள் ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள்.

மருது கையை இழுத்துக்கொண்டான். மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றினான். பிள்ளை முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னாக நடந்து முருங்கை மரத்தடிக்குப் போனான்.

"கதவைச் சாத்து புள்ள."

விளையாடுகிறான் என்று அவள் சிரித்தாள். அப்புறம் அவன் கண்ணைப் பார்த்தாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே பாப்பா சிணுங்கி அடங்கியது.

மருது கட்டிலில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே மூட்டைத் துணியை மீறிப் பூ ஒவ்வொன்றாக உதிர்ந்து கட்டிலில் விழுந்தது. வெள்ளை வெள்ளையாக, பஞ்சு மாதிரி.

பிறகு கதவுப் பலகையை ஒட்டி அவள் குரல் வந்தது.

"மாமா… நேத்து நீங்க பாப்பாவ மோக்கலைல?"

"மோக்கல புள்ள. தூங்கிருச்சுல்ல."

சொல்லிவிட்டு மருது, அந்தப் பொல்லாத தூக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான்.