இன்னொரு தலை

"தெரியுதாடா? வாயைத் திறந்து சொல்லித் தொலை!"

மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போனில் மனைவியின் குரல் ஆய்வுக்கூடமே அதிரும்படி அலறியது.

"இருடி அவசரக்குடுக்கை! இப்பத்தான் தட்டை எடுத்து வெச்சிருக்கேன்" என்றான் அவன்.

அவளை மட்டும் சொல்வானேன், அவனுக்கும் அதே அவசரம்தான். ஒன்றாகப் படித்து, ஒரே ஆய்வில் சேர்ந்து, அந்தச் சாக்கில் கல்யாணமும் பண்ணிக்கொண்ட ஜோடி. தவளைக் கருவின் முதுகுப் பக்கம் ஒரு மரபணு விழித்துக்கொண்டு, 'இங்கே மூளையைக் கட்டு' என்று கட்டளை போடுகிறது என்பது இவர்கள் கட்சி. அப்படியானால் அதன் நகலை வயிற்றுப் பக்கம் ஊசியால் ஏற்றினால் அங்கேயும் ஒரு மூளை, அதோடு ஒரு தலை முளைக்க வேண்டுமே! ஏற்றியும் ஆயிற்று. இன்றைக்கும் முளைக்காவிட்டால் ஆய்வை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர். மனுஷன் அவன் முதுகுக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த நேரம் பார்த்து நீ இங்க இல்லையேடி!"

"நீதான்டா இங்க இருந்திருக்கணும்! போனாப் போகுது, தட்டுக்கும் ஒரு ஆள் வேணுமேன்னு விட்டேன். பாரு!"

பார்த்தான். முதல் கரு சாதாரணம். அடுத்ததும் அப்படியே. பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடித் தட்டை மெல்லத் திருப்பினான். ஓரத்தில் ஒரு தலைப்பிரட்டைப் பொடியன் துள்ளினான். ஒரே வால், ஒரே உடம்பு. ஆனால் மேலே...

"ஐயோ! ரெண்டு தலைடி! நாலு கண்ணு! ரெண்டு தலை!"

"தள்ளுய்யா!" என்று அவனை இடித்துக்கொண்டு குனிந்த பேராசிரியர், "அடி சக்கை!" என்று குதித்தார். வாழ்நாளில் சிரிக்காத மனுஷன்! போனில் அவள் அடித்த விசில் காதைத் துளைத்தது. அவன் சந்தோஷம் தாங்காமல் பேராசிரியரையே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அப்போது போனில் வேறொரு பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா, துள்ளாதீங்க, அசையாமப் படுங்க! ஸ்கேன்ல நானே இப்பத்தான் பார்த்தேன். ரெட்டைக் குழந்தைன்னு உங்ககிட்டகூட இன்னும் சொல்லலை, அதுக்குள்ள ரெண்டு தலைன்னு உங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிஞ்சுது?"