தலைக்கு இவ்வளவு

சம்பளச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

முன்பக்கம் இருந்ததும் புரியவில்லை.

பதினாலாயிரம் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். கைக்கு வந்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பி.எஃப். என்று ஒரு வரி. இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி, நூற்றைந்து ரூபாய். மாதம் முழுக்க நின்றது இவள் கால்கள். பங்கு போட்டது யாரோ.

கேன்டீனில் பக்கத்தில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். அதே லைனில் செல்போனுக்கு மூடி மாட்டுகிறவள்.

"இ.எஸ்.ஐ.ன்னா என்னக்கா?"

"ஆஸ்பத்திரிக்குடி. நமக்கு, நம்மள நம்பி வீட்டுல இருக்கறவங்களுக்கு. எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அதுலதான் பண்ணோம். பத்துக் காசு செலவில்ல."

கர்ப்பப்பை.

இவள் அம்மாவுக்கும் அதுதான். எட்டு மாதமாக உதிரம் நிற்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் அறுபதாயிரம் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்த வேலையே.

மேரியின் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மேரிக்குப் புருஷன், இரண்டு பிள்ளைகள், அம்மா. அங்கேயும் நூற்றைந்துதான்.

"தலைக்கு இவ்வளவுன்னு புடிக்க மாட்டாங்களா?"

"யாருடி சொன்னது அந்தக் கூத்த?"

ஏஜென்ட் சொன்னான். ஊரிலிருந்து வேனில் ஏற்றி வரும்போது. யார் பேரையும் எழுதாதீங்க, ஒவ்வொரு பேருக்கும் புடிச்சுடுவாங்க என்று.

சேர்ந்த அன்று ஃபாரத்தில் அப்பா பெயருக்கு எதிரே காலமானார் என்று எழுதினாள். அது உண்மை. அடுத்த வரி அம்மா. ஆபரேஷனுக்குச் சேர்க்கிற காசு குறைந்துவிடுமே.

அங்கேயும் அதையே எழுதினாள். தன் கையாலேயே.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எச்.ஆர். ஜன்னலுக்கு ஓடினாள். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"அம்மா தவறிட்டாங்கன்னு இருக்கேம்மா?"

"இருக்காங்க சார்."

"அப்புறம் எதுக்கு அப்படி எழுதின?"

அழுகைதான் வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஆதாரும் ஒரு போட்டோவும் கொண்டா. மாத்திடலாம்," என்றார்.

லாக்கரிலிருந்து போனை எடுத்து, வாசலுக்கு வந்து அழைத்தாள்.

"சம்பளம் வந்துடுச்சா பாப்பா? ரொம்பப் புடிச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. உன் போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பு."

"என் போட்டோ எதுக்குடி?"

"நீ இருக்கேன்னு கம்பெனில காட்டணும்."

அப்பா போன பிறகு அம்மா போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை.

"பாப்பா…"

"சொல்லும்மா."

"பொட்டு வச்சுக்கவா?"

ஷிஃப்ட் மணி அடித்தது. அவள் நகரவில்லை.

"வச்சுக்கோம்மா. பெருசா வச்சுக்கோ."