முடியாத முதல் பாடம்

"மனசிலாயில்ல மிஸ்."

புரியவில்லையாம்! அனூப் எழுந்து நின்று இதைச் சொன்னதும் உலகம்மைக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"எதுடா மனசிலாகல?"

"எல்லாம்தான் மிஸ்."

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி. முதலாண்டுப் பொருளாதார வகுப்பு. உலகம்மை அங்கே கெஸ்ட் லெக்சரர். செங்கோட்டையிலிருந்து வந்து கரமனையில் அறையெடுத்துத் தங்கியிருக்கிறாள். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, செருப்புத் தேய்ந்து, கடைசியில் கிடைத்த முதல் வேலை. "நல்லா எடுத்தா வருஷம் முழுக்க வச்சுக்கலாம்" என்று துறைத் தலைவர் அனந்தபத்மநாபன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

பாடமும் அப்படியொன்றும் பெரிய மலையில்லை. விலை ஏறினால் வாங்குவது குறையும். வாங்க ஆள் கூடினால் விலை ஏறும். இதுகூடப் புரியாத பிள்ளைகள் உலகத்தில் உண்டா? உண்டு. ஒரு வகுப்பு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, மறுபடி கேளுங்க. ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்கு முந்தின நாள் சாலை பஜார்ல மண்பானை விலை கூடுமா, குறையுமா?"

"குறையும் மிஸ்" என்றாள் அஸ்வதி.

"ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் பானை வாங்க முண்டியடிக்கிறாங்க. எப்படிம்மா குறையும்?"

"எங்க அம்மை பேரம் பேசுவா மிஸ்."

வகுப்பே சிரித்தது. உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை.

"பானையை விடு. மத்தி மீன் விலை ரெட்டிப்பாச்சு. என்ன செய்வீங்க?"

"வாங்குவோம் மிஸ்."

"இன்னும் ஒரு மடங்கு ஏறுது?"

"திட்டிக்கிட்டே வாங்குவோம்" என்றான் தங்கபாண்டி. போனக்காடு எஸ்டேட் பையன்.

ஓணத்துக்கு நேந்திரங்காய், மழைநாள் ஆட்டோ, விதுரா சந்தை மிளகு என்று ஊரில் உள்ளதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கொட்டியாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித்தான் விளக்குவாள், நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் மக்குப் பிள்ளைகளும் இல்லை. பிளஸ் டூவில் மார்க்கை அள்ளிக்கொண்டு வந்தவர்கள். கேன்டீனில் பழம்பொரி பஜ்ஜி ஏன் சிறுத்துப்போனது என்று மணிக்கணக்கில் நியாயம் பேசுகிற வாய்கள், வகுப்புக்குள் வந்ததும் பூட்டிக்கொண்டுவிடும்.

போதாக்குறைக்கு, வகுப்புத் தேர்வில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கோட்டை விட்டார்கள்.

அனந்தபத்மநாபன் அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"எந்தா டீச்சரே இது? குட்டிகளுக்கு அரிச்சுவடியே ஏறலையே! இப்படி இருந்தா நான் எப்படி உங்களை வச்சுக்கறது? இந்த வாரம் பார்ப்பேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது, கேட்டோ."

மறுநாள் வகுப்பில் படம் போட்டாள். கோடு போட்டாள். பானைக்காரி மாதிரியும் வாங்க வந்தவள் மாதிரியும் தானே பேசி நடித்தும் காட்டினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா?"

"இல்ல மிஸ்."

அவ்வளவுதான். சாக்பீஸை விட்டெறிந்தாள்.

"போதும்டா சாமி! உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் துப்பில்ல. நானே சார்கிட்ட சொல்லிட்டு ஊரைப் பார்க்கப் போறேன். நல்ல டீச்சரா ஒருத்தர் வரட்டும். நீங்க நல்லா இருங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கண் கலங்கிவிட்டது. அதை இதுகள் பார்த்துவிடக் கூடாதே என்று வேறு ஆத்திரம்.

"மிஸ், போகாதீங்க!" அனூப் ஓடிவந்து வாசலை மறித்தான். "பானை விலை கூடும் மிஸ். பொங்காலை முடிஞ்ச மறுநாள் சீந்த ஆளிருக்காது, விலை விழும்."

"மத்தி விலை ஏறினா அயிலை மீனுக்கு மாறுவோம். அப்போ அயிலை விலையும் ஏறும்" என்றாள் அஸ்வதி.

"கிளாஸைக் கட் அடிச்சுட்டு பொன்முடிக்குப் போனா, பஸ் காசு மட்டும் செலவில்ல மிஸ். விட்டுப்போன கிளாஸும் செலவுதான்" என்றான் தங்கபாண்டி.

அது அவள் இன்னும் எடுக்கவே எடுக்காத பாடம். உலகம்மை அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்போ எல்லாம் தெரியும்! இத்தனை நாளா என்னைக் கோமாளியாக்கி வேடிக்கை பார்த்திருக்கீங்க. டெஸ்ட்லயும் வேணும்னேதான் தப்பா எழுதினீங்களா? உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

அஸ்வதிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள் ஹெட் சார் இங்க வந்தாரு மிஸ். 'புது டீச்சர் ஆரம்பப் பாடத்துக்கு மட்டும்தான். அது உங்களுக்குப் புரிஞ்சதும் அவங்களை அனுப்பிட்டு மிச்சத்தை நானே எடுப்பேன்'னு சொன்னாரு."

உலகம்மை பையைக் கீழே வைத்தாள்.

"அவரு நோட்ஸை வாசிச்சுட்டுப் போயிருவாரு மிஸ்" என்றான் தங்கபாண்டி. "நீங்க வந்த பிறகுதான் எங்க ஊருச் சந்தையெல்லாம் பாடத்துல வந்துச்சு."

"அதுக்காக மார்க்கைக் கெடுத்துக்குவீங்களாடா, பைத்தியங்களா?"

அனூப் இன்னும் வாசலை விட்டு நகரவில்லை.

"டெஸ்ட்டைத் திரும்ப எழுதிக்கலாம் மிஸ். புரிஞ்சுதுன்னு சொல்லி உங்களை அனுப்பிட்டா, திரும்பக் கூப்பிட எங்களால முடியுமா?"