தொப்பியைக் கழற்றினால்

"ஊ...!"

எண்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாக ஊளையிட்டன.

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் மார்லன் விழுந்து கிடந்தான்.

கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ஹோல்கம்ப், கையிலிருந்த தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அவர் தொப்பியைக் கழற்றினால் அவருடைய தடுப்பாளன் மார்லன் விழ வேண்டும். அதுதான் ஏற்பாடு. அடிபட்டு ஒருவன் கிடந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும்.

வேறு எப்படித்தான் நிறுத்துவது? எதிரணி அப்படி ஒரு வேகம். ஒரு மோதலில் விழுந்தவர்கள் எழுவதற்குள் அடுத்த மோதலுக்கு வரிசை கட்டி நின்றார்கள். கூடிப் பேசுவது கிடையாது. களைத்த தடுப்பாளரை மாற்ற ஹோல்கம்புக்கு இடைவெளி கொடுப்பதும் கிடையாது. பத்துப் பத்துக் கெஜமாகத் தின்றுகொண்டே எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டார்கள்.

ஹோல்கம்ப் நிதானக்காரர். மூன்று கெஜம், மறுபடி மூன்று கெஜம் என்று பந்தை நகர்த்தி, கடிகாரத்தைக் கரைத்தே ஜெயிப்பவர். எதிரணியின் வேகத்தைப் பற்றிக் கேட்டால், "வீடு பத்திக்கிட்டா ஓடுவாங்களே, அந்த ஓட்டம். நம்மது நேர்மையான ஆட்டம்" என்பார்.

பல்கலைக்கழகத்துக்கு அந்த நிதானம் சலித்துவிட்டது. இன்று தோற்றால், திங்கட்கிழமை அவருடைய அறையில் வேகக்காரன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். கையிலிருப்பது நான்கே புள்ளி முன்னிலை.

"எழுந்திருடா நடிகா! விருது மேடையில உன்னைத் தேடறாங்க!" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான்.

ஹோல்கம்ப் அவசரப்படாமல் நடந்து போனார்.

மார்லன் வலது முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். கண்ணோரம் ஈரம். ஹோல்கம்ப் அசந்துபோனார். போன வாரம் ஒத்திகையில் மரம் சாய்கிற மாதிரி விழுந்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பையனா இவன்?

"கோச்..."

ஆட்டத் திட்டம் அச்சிட்ட அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு அவர் குனிந்தார்.

"பேசாத. கேமரா நம்ம மேலதான் இருக்கு."

ஐஸ் பையோடு வந்த மருத்துவ உதவியாளனுக்கும் ஏற்பாடு தெரியும். "வண்டியைக் கூப்பிடட்டுமா?" என்று ஒப்புக்குக் கேட்டான்.

"வண்டி வந்தா சட்டுனு தூக்கிட்டுப் போயிடும். நடந்தே வரட்டும். மெதுவா. நம்ம பசங்க மூச்சு வாங்கட்டும்."

மார்லன் அவரைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் முதல் நாளே போய்விடுவான் என்று எல்லோரும் சொன்ன பையன், மைதானத்தின் பாதி அகலத்தை நொண்டி நொண்டிக் கடந்தான். அவன் வைத்த ஒவ்வோர் அடிக்கும் எண்பதாயிரம் பேர் கைதட்டித் தாளம் போட்டார்கள்.

அதற்குள் ஹோல்கம்ப் நான்கு புதிய தடுப்பாளர்களை உள்ளே அனுப்பியிருந்தார்.

எதிரணியின் ஓட்டம் அறுந்தது. இரண்டு முறை பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கடைசி வீச்சு யார் கைக்கும் எட்டாமல் புல்லில் விழுந்தது. பந்து ஹோல்கம்ப் அணியிடம் வந்தது. மூன்று கெஜம், மறுபடி மூன்று கெஜம். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது.

பையன்கள் வாளி ஐஸ் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார்கள். வேலை தப்பிவிட்டது. சொட்டச் சொட்ட, தொப்பியைப் பிழிந்துகொண்டே அவர் மார்லனைத் தேடிப் போனார்.

பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். முழங்கால் மேல் ஒரு துண்டு கிடந்தது.

"தம்பி, இன்னிக்கு ஜெயிச்சுக் கொடுத்தது நீதான்டா! நான் தொப்பியைக் கழட்டி முடிக்கல, அதுக்குள்ள விழுந்துட்ட. என்னமா நடிச்ச!"

மார்லன் துண்டை விலக்கவில்லை. நிமிர்ந்து, அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

"தொப்பியைக் கழட்டினீங்களா? நான் பாக்கவே இல்லையே, கோச்."